குளிர்காலப் பாத்தி

நுழையும்முன்

வட இந்திய நகரங்களில் வாழும் தமிழ்ச் சிறுவர்கள் பலர் ஷல்கம் என்னும் காயை உண்டிருப்பர். அது மண்ணில் எவ்வாறு விளைகிறது என்பதைக் கண்டவர் சிலரே. அதனை விளைவிக்கும் தொழிலுக்குரிய தமிழ்ச் சொற்களை அறிந்தவர் அவர்களினும் சிலர். ஒரு சிறு பாத்தியின் வாயிலாகப் பயிரையும் சொற்களையும் ஒருங்கே அறிந்துகொள்ள இப்பாடம் துணைசெய்யும்.

பெயர் பல, காய் ஒன்று

கார்த்திகை பிறந்ததும் தில்லி, சண்டிகர், லக்னோ முதலிய நகரங்களின் காய்கறிச் சந்தைகள் நிறம் மாறிவிடும். சிவந்த கேரட், பச்சைப் பட்டாணி, வெந்தயக்கீரை, கடுகுக்கீரை ஆகியவை வந்து குவியும். அவற்றின் நடுவே, மேற்பாதி ஊதாவும் கீழ்ப்பாதி வெண்மையுமாக ஓர் உருண்டைக் காயும் இருக்கும். இந்தியில் அதனை ஷல்கம் என்பர். பஞ்சாபியில் கோங்லு என்பர். காசுமீரத்தில் கோக்ஜி என்பர். தமிழில் டர்னிப் என்றே வழங்குகிறோம்.

சிலர் இதனை நூல்கோல் என்று கூறுவதுண்டு. அது பொருந்தாது. நூல்கோல் முட்டைக்கோசின் இனத்தைச் சேர்ந்தது. அதன் பருத்த பகுதி தரைக்கு மேலே நிற்கும் தண்டு. ஆகவே இலைகள் அதன் பக்கங்களிலிருந்தும் கிளம்பும். டர்னிப்போ மண்ணை ஒட்டியும் மண்ணுக்குள்ளும் பருப்பது. விதையிலைக்குக் கீழுள்ள தண்டும் வேரின் மேற்பகுதியும் சேர்ந்து திரண்டு காயாகின்றன. இலைகள் யாவும் உச்சியிலிருந்து மட்டுமே தோன்றும். வெயில் படும் மேற்பகுதி ஊதாவாகும். மண்ணுள் மறைந்த பகுதி வெண்மையாகவே இருக்கும். இலை எங்கிருந்து கிளம்புகிறது என்று பார்த்தால் இரண்டையும் எளிதில் வேறுபடுத்திவிடலாம்.

டர்னிப் கடுகுக் குடும்பத்துப் பயிர். முள்ளங்கி, முட்டைக்கோசு, காலிபிளவர் ஆகியவை அதன் உறவினர். வட இந்திய வயல்களில் எண்ணெய்க்காகப் பயிரிடப்படும் மஞ்சள் சர்சோன் கடுகு, டர்னிப்பின் இனத்தையே சேர்ந்தது. ஒன்றில் விதையையும் மற்றொன்றில் வேரையும் மாந்தர் தெரிந்தெடுத்து வளர்த்ததால் இரண்டும் வெவ்வேறு பயிர்களாயின.

அப்பாயியும் பேத்தியும்

தில்லியில் மைய அரசுப் பணியாளர் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில் ஒரு தமிழ்க் குடும்பம் வாழ்ந்தது. தீபாவளிக்குத் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து அப்பாயி வந்திருந்தார். தந்தையின் தாயைத் தஞ்சை, திருச்சிப் பகுதிகளில் அப்பாயி என்று அழைப்பர். பொங்கலுக்குள் அவர் ஊர் திரும்பவேண்டும் என்பது ஏற்பாடு.

வீட்டின் பின்புறம் இரண்டு மீட்டர் நீளமும் ஒரு மீட்டர் அகலமும் கொண்ட மண்பரப்பு வெறுமையாகக் கிடந்தது. அதைக் கண்ட நாள்முதல் அப்பாயிக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இந்த மண் ஏன் சும்மா கிடக்கிறது, கண்ணு?" என்று பேத்தியிடம் கேட்டார்.

"இங்கே க்யாரி போடலாம் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருக்கிறார், அப்பாயி. நேரம் கிடைக்கவில்லை."

"க்யாரி என்றால் என்ன?"

பேத்தி விழித்தாள். அதற்குரிய தமிழ்ச் சொல் அவளுக்குத் தெரியவில்லை. கையால் தரையில் நீள்சதுரம் ஒன்றை வரைந்து, அதைச் சுற்றி மண்ணைக் குவித்துக் காட்டினாள்.

"பாத்தியா? அப்படிச் சொல்" என்று அப்பாயி சிரித்தார்.

தள்ளுவண்டிக் காய்க்காரரிடம் பேத்தி இந்தியில் கேட்டாள்; அவர் கூறியதை அப்பாயிக்குத் தமிழில் சொன்னாள். நவம்பர் முதல் வாரத்தில் ஷல்கம் விதைக்கலாம் என்றார் அவர். அப்பாயி அறுபது ஆண்டுகளாக மண்ணோடு பழகியவர். ஆனால் அந்தப் பயிரைக் கண்டதில்லை. பேத்திக்கோ பயிரின் பெயர் தெரியும். மண்வெட்டியைப் பிடிக்கத் தெரியாது. ஒருவர் அறிந்தது மற்றவர்க்குத் தேவையாக இருந்தது.

நிலத்தைப் பண்படுத்துதல்

வேர் பருக்கும் பயிருக்கு மண் இளகியிருக்க வேண்டும். இறுகிய மண்ணிலும் கல் நிறைந்த மண்ணிலும் வேர் நேராக இறங்காமல் கிளைத்துவிடும். எனவே மண்ணை ஒரு முழ ஆழத்திற்குக் கொத்தி, கற்களையும் பழைய வேர்களையும் அகற்றினர். சில நாள் வெயிலில் காயவிட்டனர்.

பின்னர் நன்கு மட்கிய தொழுவுரம் இட்டு மண்ணோடு கலந்தனர். மட்காத பச்சைச் சாணத்தை வேர்ப்பயிருக்கு இடக்கூடாது. அதனாலும் வேர் கிளைக்கும், பூச்சிகளும் பெருகும்.

அப்பாயி ஒரு பிடி மண்ணை எடுத்து இறுக்கிப் பிடித்தார். அது உருண்டையாக நின்றது. கீழே போட்டதும் உதிர்ந்தது. "இதுதான் பதம். உருண்டை பிடிக்காவிட்டால் ஈரம் போதாது, போட்டும் உடையாவிட்டால் ஈரம் மிகுதி" என்றார். அளவுகோல் எதுவும் இல்லாமல் மண்ணின் ஈரத்தை அறியும் முறை இது.

விதை தெரிதலும் விதைத்தலும்

டர்னிப்பில் இரு பெரும் பிரிவுகள் உண்டு. ஆசிய வகைகள் ஓரளவு வெப்பத்தைத் தாங்கும். வடஇந்தியச் சமவெளியில் அவற்றை ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களிலேயே விதைப்பர். பூசா ஸ்வேதி என்னும் வெண்ணிற வகை இப்பிரிவைச் சேர்ந்தது. ஐரோப்பிய வகைகள் குளிரை விரும்புவன. அவற்றை அக்டோபர், நவம்பரில் விதைப்பர். பர்ப்பிள் டாப் ஒயிட் குளோப் என்னும் ஊதா உச்சி வகை இத்தகையது. பருவம் நவம்பர் ஆகையால் இவ்வகையையே வாங்கினர். இது முற்ற அறுபது முதல் எழுபது நாள் ஆகும்.

அப்பாயி விரல்விட்டு எண்ணினார். அறுவடை பொங்கலைத் தாண்டிவிடும் எனத் தெரிந்தது. ஆயினும் அவர் அதைப் பற்றி ஒன்றும் கூறவில்லை.

விதை கடுகைப் போலச் சிறியது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவியும், ஓரிடத்தில் விழாது. கீரை விதையை மணலோடு கலந்து தூவுவது அப்பாயியின் வழக்கம். இதற்கும் அம்முறையே பொருந்தியது. பாத்தியின் நீளவாக்கில் முப்பது சென்டிமீட்டர் இடைவெளியில் மூன்று கோடுகள் கீறினர். ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையை இட்டு, மெல்ல மண் மூடி, பூவாளியால் நீர் தெளித்தனர். டர்னிப்பை நாற்றுவிட்டு நடுவதில்லை. பிடுங்கி நட்டால் ஆணிவேர் சிதைந்து காய் உருக்குலையும். ஆதலின் நேரடியாகவே விதைக்க வேண்டும்.

அறிந்துகொள்வோம்

பூசா என்பது ஓர் ஊரின் பெயர். 1905 ஆம் ஆண்டு பீகார் மாநிலத்துப் பூசா என்னும் ஊரில் வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. 1934 ஆம் ஆண்டு சனவரியில் நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்தில் அதன் கட்டடங்கள் பெரிதும் சேதமுற்றன. அதனால் 1936 ஆம் ஆண்டு அந்நிறுவனம் தில்லிக்கு இடம் பெயர்ந்தது. இன்று அது இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் என அழைக்கப்படுகிறது. இடம் மாறினாலும் பழைய ஊரின் பெயர் மறையவில்லை. தில்லியில் அவ்வளாகத்தை மக்கள் இன்றும் பூசா என்றே கூறுவர். அது உருவாக்கிய பூசா ஸ்வேதி, பூசா சந்திரிமா, பூசா ஸ்வர்ணிமா, பூசா காஞ்சன் ஆகிய டர்னிப் வகைகளும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன.

களைதலும் கலைத்தலும்

ஆறாம் நாள் முளைகள் தோன்றின. இரு வாரங்களில் ஒவ்வொரு கோடும் பச்சைக் கயிறுபோல் நெருங்கி வளர்ந்தது. பேத்தி பள்ளியிலிருந்து வந்ததும் முதலில் பாத்தியைத்தான் பார்ப்பாள்.

ஒரு மாலை அப்பாயி, "கண்ணு, இன்றைக்குப் பயிரைக் கலைக்க வேண்டும்" என்றார்.

"புல்லைத்தான் நேற்றே பிடுங்கிவிட்டோமே, அப்பாயி?"

"அது களைதல். வேண்டாததை எடுப்பது. இது கலைத்தல். நெருங்கி நிற்கும் பயிரிலேயே சிலவற்றை எடுத்து இடைவெளி உண்டாக்குவது."

"நல்ல செடியையா பிடுங்குவது? எல்லாமே நன்றாகத்தானே இருக்கின்றன!" பேத்திக்குக் கண் கலங்கியது.

அப்பாயி வற்புறுத்தவில்லை. "சரி, ஒரு கோட்டை உன் விருப்பப்படி விட்டுவிடு. மற்ற இரண்டையும் நான் கலைக்கிறேன். பிறகு பார்ப்போம்" என்றார். இரு கோடுகளில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு செடி வீதம், கோட்டுக்கு இருபது செடிகள் நின்றன. பிடுங்கிய இளஞ்செடிகள் அன்றே பாசிப்பருப்போடு சேர்ந்து கூட்டாயின. இளம் இலைகள் சுவையான கீரை என்பதை அன்று வீட்டார் அறிந்தனர்.

பத்து நாள் சென்றது. கலைத்த கோடுகளில் செடிகள் இலைவிரித்துத் தழைத்தன. மூன்றாம் கோட்டிலோ செடிகள் ஒன்றையொன்று நெருக்கி, ஒளிக்காக மேல்நோக்கி நீண்டு, தண்டு மெலிந்து சாய்ந்தன. பேத்தி யாரும் சொல்லாமலே குந்தி அமர்ந்து அக்கோட்டையும் கலைக்கத் தொடங்கினாள். சில செடிகள் தேறின, சில தேறவில்லை.

நீரும் காவலும்

டர்னிப்புக்குச் சீரான ஈரம் தேவை. நீர் குறைந்தால் காய் நார் பாய்ந்து காரம் ஏறும். காய்ந்த மண்ணில் திடீரென நீர் மிகுந்தால் காய் வெடிக்கும். குளிர்காலத்தில் வாரம் ஒருமுறை நீர் பாய்ச்சினால் பெரும்பாலும் போதும். ஆயினும் நாள்கணக்கை நம்புவதை விட, விரலின் இரண்டு கணு ஆழத்திற்கு மண்ணில் நுழைத்துப் பார்ப்பதே நலம்.

சனவரி இரண்டாம் வாரத்தில் அப்பாயி ஊருக்குப் புறப்பட்டார். காய்கள் அப்போது எலுமிச்சை அளவே இருந்தன. "இனி நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று மட்டும் சொல்லிச் சென்றார்.

நான்கு நாள் கழித்துப் பேத்தி தொலைபேசியில் அழைத்தாள். அவள் குரலில் பதற்றம் இருந்தது.

"அப்பாயி, செடியில் ஏதோ வந்திருக்கிறது. அதன் பெயர் எனக்குத் தெரியவில்லை."

"பெயர் வேண்டாம். கண்ணால் கண்டதைச் சொல்."

"இலைக்கு அடியில் கூட்டம் கூட்டமாக இருக்கிறது. கடுகைவிடச் சிறியது. பச்சை நிறம். பறக்கவில்லை, ஒட்டிக்கொண்டே இருக்கிறது. இலை சுருண்டுவிட்டது. தொட்டால் பிசுபிசுக்கிறது. எறும்பும் ஏறுகிறது."

"அசுவினி. நம் ஊர் அவரைக்கொடியில் வருமே, அந்த இனம். சாற்றை உறிஞ்சும். எறும்பு அந்தப் பிசுபிசுப்புக்காக வருகிறது."

மிகுதியாகத் தாக்கப்பட்ட இலைகளைக் கிள்ளி அகற்றவும், ஒரு லிட்டர் நீரில் ஐந்து மில்லிலிட்டர் வேப்பெண்ணெயும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்புறம் நனையுமாறு தெளிக்கவும் அப்பாயி கூறினார். எண்ணெய் நீரோடு கலவாது. சோப்புக் கரைசலே அதனைக் கலக்கச் செய்கிறது. ஒரு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை தெளித்தாள். தாக்குதல் அடங்கியது.

அசுவினி என்னும் சொல்லை அன்றுவரை பேத்தி கேட்டதில்லை. ஆனால் தான் கண்டதைத் தமிழில் தெளிவாகச் சொல்ல அவளால் முடிந்தது. பன்னூறு கல் தொலைவிலிருந்த அப்பாயிக்குப் பயிரைக் காட்டியது அந்தச் சொல்வன்மையே.

அறுவடை

காயின் குறுக்களவு ஐந்து முதல் ஏழு சென்டிமீட்டர் ஆகும்போது பறிப்பது சிறந்தது. அதற்கு மேல் விட்டுவைத்தால் உள்ளே நார் பாய்ந்து சக்கையாகும். சனவரி மூன்றாம் வாரம்முதல் பேத்தி பெரியவற்றைத் தேர்ந்து பறித்தாள். மூன்று கோடுகளிலும் அறுபது செடிகள் நின்றிருக்க வேண்டும், நாற்பத்தெட்டே தேறின. அவற்றுள் மூன்று வெடித்திருந்தன, இரண்டு கிளைத்திருந்தன. ஒவ்வொன்றுக்கும் காரணம் என்னவென்று அவளால் கூற இயன்றது.

டர்னிப்பின் காயில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே உள்ளது. அதன் இலையிலோ சுண்ணாம்புச் சத்தும் உயிர்ச்சத்துகளும் மிகுந்துள்ளன. ஆகவே இலையை எறிவது தகாது. பஞ்சாபில் காலிபிளவர், கேரட் ஆகியவற்றோடு டர்னிப்பைச் சேர்த்து ஊறுகாய் இடுவர். காசுமீரத்தில் இதனை வட்டமாக அரிந்து, நூலில் கோத்து உலர்த்தி, பனிக்காலத்திற்குச் சேமிப்பர். தமிழ் வீடுகளில் இது கூட்டாகவும் சாம்பாராகவும் மாறுகிறது.

விதையும் சுழற்சியும்

"விதைக்கு ஒன்றை விட்டுவை" என்று அப்பாயி தொலைபேசியில் நினைவூட்டினார். கீரைக்கும் அவரைக்கும் அது நல்ல வழக்கம். டர்னிப்புக்கு அது எளிதில் பொருந்தாது. இயல்பாக இது ஈராண்டுப் பயிர். முதற்பருவத்தில் வேரில் உணவைச் சேர்க்கும், நீண்ட குளிரைக் கடந்தபின் அவ்வுணவைக் கொண்டு பூக்கும். ஐரோப்பிய வகைகளுக்குத் தேவையான அந்த நீண்ட குளிர் சமவெளியில் கிடைப்பதில்லை. ஆகவே அவற்றின் விதையை இமாசலப் பிரதேசத்துக் குலு பள்ளத்தாக்கு போன்ற மலைப்பகுதிகளில் விளைவிக்கின்றனர். ஆசிய வகைகள் சமவெளியிலும் பூத்து விதை தரும். ஆயினும் தேனீக்கள் அருகிலுள்ள சர்சோன் கடுகின் மகரந்தத்தைக் கொணர்ந்தால் விதை கலப்பாகிவிடும். இதைப் பேத்தி எடுத்துரைத்தபோது, "அப்படியா! இது எனக்குப் புதிது" என்றார் அப்பாயி.

அடுத்த ஆண்டு அதே பாத்தியில் டர்னிப், முள்ளங்கி, முட்டைக்கோசு ஆகியவற்றை மீண்டும் பயிரிடாமல் இருப்பது நன்று. ஒரே குடும்பத்துப் பயிர்கள் தொடர்ந்து வந்தால் மண்ணில் நோய் தங்கும். இங்கிலாந்தில் சார்லசு டவுன்சென்ட் என்பவர் 1730 இல் அரசியலை விட்டு விலகி வேளாண்மையில் ஈடுபட்டார். கோதுமை, டர்னிப், பார்லி, குளோவர் என்னும் தீவனப் பயிர் ஆகிய நான்கையும் மாற்றி மாற்றி விதைக்கும் முறையை அவர் பரப்பினார். டர்னிப் கால்நடைகளுக்குக் குளிர்காலத் தீனியாயிற்று. குளோவர் மண்ணுக்கு வளம் சேர்த்தது. அதனால் அவருக்கு டர்னிப் டவுன்சென்ட் என்னும் பட்டப்பெயரே வாய்த்தது. பேத்தியின் பாத்தியில் டர்னிப்பை அடுத்து விதைக்கப்பட்டது, அப்பாயி அனுப்பிய கொத்தவரை விதை.

சொல்லும் பொருளும்

பாத்தி – வரப்பால் சூழப்பட்ட சிறு விளைநிலப் பகுதி (இந்தியில் க்யாரி)
களைக்கொத்து – களை எடுக்கும் சிறு கருவி (இந்தியில் குர்ப்பி)
தொழுவுரம் – கால்நடைத் தொழுவத்துச் சாணமும் கூளமும் மட்கிய உரம்
பூவாளி – பூப்போல நீர் தெளிக்கும் வாளி
பதம் – ஏற்ற நிலை
அசுவினி – இலைச்சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சி

பயிற்சி

அ. பொருத்தமான சொல்லால் நிரப்புக.
1. நெருங்கிய பயிரில் சிலவற்றை எடுத்து இடைவெளி உண்டாக்குவது __________. (களைதல் / கலைத்தல்)
2. இறுகிய மண்ணில் வேர் __________. (கிளைக்கும் / கிழிக்கும்)
3. நூல்கோலில் பருத்திருப்பது __________. (வேர் / தண்டு)

ஆ. ஒலி வேறுபாடு அறிந்து தொடரில் அமைக்க.
களை – கலை. விளை – விலை. உழவு – உளவு

இ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. டர்னிப்பை நாற்றுவிட்டு நடாமைக்குக் காரணம் என்ன?
2. மண்ணின் பதத்தை அப்பாயி எவ்வாறு அறிந்தார்?
3. அசுவினி உள்ள செடியில் எறும்பு ஏறுவது ஏன்?

ஈ. விரிவாக விடை எழுதுக.
1. அப்பாயி பேத்தியிடமிருந்தும், பேத்தி அப்பாயியிடமிருந்தும் கற்றவை யாவை?
2. மூன்றாம் கோட்டைப் பேத்தியின் விருப்பப்படி அப்பாயி விட்டது சரியா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

உ. கணக்கிடுக.
மூன்று மீட்டர் நீளமுள்ள பாத்தியில் நான்கு கோடுகள். பத்து சென்டிமீட்டருக்கு ஒரு செடி வீதம் எத்தனை செடிகள் நிற்கும்?

ஊ. கேட்டு எழுதுக.
தந்தையின் தாயை மதுரைப் பகுதியில் அப்பத்தா என்பர். நெல்லைப் பகுதியில் ஆச்சி என்பர். உம் குடும்பத்தில் எவ்வாறு அழைக்கின்றனர்? அச்சொல் எந்த ஊர் வழக்கு என வீட்டில் கேட்டறிந்து எழுதுக. உறவினர் ஒருவரிடம் வேளாண்மைச் சொற்கள் ஐந்தைக் கேட்டு, அவற்றின் பொருளையும் எழுதுக.

எ. பெயரின்றி விளக்குக.
உம் வீட்டிலோ பள்ளியிலோ உள்ள செடி, பூச்சி, கருவி ஆகியவற்றுள் ஒன்றை, அதன் பெயரைக் கூறாமல் ஐந்து தொடர்களில் விளக்குக. வகுப்பினர் அதனைக் கண்டறியட்டும்.

ஏ. பெயர் சூட்டுக.
மிளகாய் வேற்று நாட்டிலிருந்து வந்தது. மிளகைப் போல் காரம் உடைய காய் என்னும் பொருளில் நம் முன்னோர் அதற்குப் பெயரிட்டனர். உருண்ட வடிவம் நோக்கி உருளைக்கிழங்கு என்றனர். டர்னிப்புக்கு அவ்வாறு ஒரு தமிழ்ப்பெயர் இன்னும் நிலைபெறவில்லை. அதன் வடிவம், நிறம், விளையும் பருவம் ஆகியவற்றை எண்ணிப் பார்த்து ஒரு பெயர் சூட்டுக. அப்பெயர் ஏன் பொருந்தும் என்பதை விளக்கி, ஊரிலுள்ள உம் பாட்டிக்கோ தாத்தாவுக்கோ கடிதம் எழுதுக.